நாமக்கல் கவிஞர்

ராசிபுரத்திற்குத் தெற்கே, நாமக்கல்லை அடுத்துக் காவிரிக் கரையில் அமைந்த ஊர் மோகனூர். அவ்வூரில் 1888ஆம் ஆண்டு இராமலிங்கம் பிள்ளை பிறந்தார். காவல்துறையில் சிறு பணியில் இருந்த தந்தையார், மகனைக் கல்லூரி வரையில் பயிலச் செய்தார். அவரும் அத்துறையிலேயே அதிகாரியாதல் வேண்டுமென விழைந்தார்.

மகனோ ஓவியத்தில் உள்ளம் தோய்ந்தவர். தந்தையாரின் விருப்பமாயினும், மனம் ஒவ்வாத பணியை ஏற்க இசைந்தாரல்லர். சிலகாலம் எழுத்தராகவும் ஆசிரியராகவும் இருந்தபின், தூரிகையையே தொழிற்கருவியாகக் கொண்டார். ஓவியம் வரைந்த கை கவிதையும் புனைந்தது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் அவர் இயற்றிய பாடலைப் பாடிச் சென்றனர். 1932இல் அக்காவலர் மகனார் நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்தார். 1949இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கிச் சிறப்பித்தது.

தமக்கு இயைந்த தொழிலைத் தேர்ந்து அதில் அயராது உழைப்பவர், பெற்றோர்க்கும் பிறந்த ஊருக்கும் பெருமை சேர்ப்பர்.