விடியலைக் கண்ட சிறுவன்



14, 15 வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் நிகழும் போராட்டம் பெற்றோரின் கண்களுக்கு எப்போதும் தெரிவதில்லை. சில பிள்ளைகளின் துயரம் கண்ணீராக வெளிப்படும். வேறு சிலரின் துயரமோ கோபமாக வெளிப்படும். கண்ணீரைக் கண்டால் அணைத்துக்கொள்ளும் நாம், கோபத்தைக் கண்டால் கண்டிக்கிறோம். இரண்டுக்கும் ஊற்று ஒன்றாகவே இருக்கலாம் என்பதை சாது சுந்தர்சிங்கின் இளமைக்காலம் நமக்கு உணர்த்துகிறது.

அவர் 1889ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி பஞ்சாபிலுள்ள ராம்பூர் என்னும் கிராமத்தில், வசதி படைத்த சீக்கியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையின் பெயர் சேர் சிங். தாயார் ஆழ்ந்த பக்தியுள்ளவர். அதிகாலையில் எழுந்து நீராடி இறைவனைத் தொழுவது அவர் வழக்கம். மகனும் காலை வழிபாட்டை முடித்த பின்னரே உணவருந்த வேண்டும் என்பது அவ்வீட்டின் ஒழுங்கு. தன் மகன் உலகப்பற்று நீங்கிய ஒரு சாதுவாக வேண்டுமென்று அவர் விரும்பினார். சுந்தரின் மன அமைதிக்கும் மகிழ்ச்சிக்கும் அத்தாயின் அன்பே ஆதாரமாக இருந்தது.

சுந்தருக்கு 14 வயதானபோது தாயார் மரித்தார். மகனின் உலகம் இருண்டது. தாய் காட்டிய வழியில் அமைதியைத் தேடினான், கிடைக்கவில்லை. அமைதியிழந்த உள்ளம் கசப்பால் நிறைந்தது. தான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையில் கற்பிக்கப்பட்ட வேதாகமத்தை அவன் வெறுத்தான், போதகர்களை எதிர்த்தான். 1904ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஒருநாள் வேதப்புத்தகத்தைத் தீயிலிட்டு எரித்தான். அவனுடைய தந்தையே இச்செயலைக் கண்டித்தார். ஆயினும் புத்தகத்தை எரித்த பின்னரும் அவன் உள்ளத்தின் நெருப்பு அணையவில்லை.

அதன்பின் மூன்றாம் நாள், டிசெம்பர் 18ஆம் திகதி. விடியுமுன்னே எழுந்து, கடுங்குளிரில் நீராடி, மெய்யான கடவுள் ஒருவர் உண்டானால் தனக்கு வழி காட்டவேண்டுமென மன்றாடினான். விடை கிடைக்காவிட்டால் பொழுது விடியுமுன் தன் உயிரை முடித்துக்கொள்வதென்று அந்த 15 வயதுச் சிறுவன் தீர்மானித்திருந்தான். அந்த வேளையில் உயிருள்ள கிறிஸ்துவின் தரிசனத்தைப் பெற்றதாகவும், அளவற்ற சமாதானம் தன்னை நிரப்பியதாகவும் அவர் வாழ்நாளெல்லாம் சாட்சி கூறினார்.

பிரியமானவர்களே, நாம் வழக்கமாக இவ்விடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் அதற்குப் பின் நிகழ்ந்தவையும் நம் கவனத்துக்குரியவை. சுந்தரின் புதிய விசுவாசத்தைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. சில மாதங்களில் அவன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டான். புறப்படுமுன் அளிக்கப்பட்ட உணவில் நஞ்சு கலந்திருந்ததால், ரூபார் என்னும் ஊரை அடைந்தபோது மரணத்தறுவாயில் இருந்தான். அங்கே ஒரு போதகரின் குடும்பம் அவனை ஏற்றுக்கொண்டது. மருத்துவர் ஒருவர் சிகிச்சையளித்தார். பின்னர் லூதியானாவிலிருந்த மிஷனரிகள் அவனுக்கு அடைக்கலம் தந்தனர். தரிசனம் கண்ட பிள்ளைக்கும் ஒரு வீடும், ஒரு மருத்துவரும், பரிவுள்ள மனிதரும் தேவைப்பட்டார்கள்.

1905ஆம் ஆண்டு, தமது 16ஆவது பிறந்தநாளில், சிம்லாவில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த மாதமே காவியுடை தரித்து, தாயார் விரும்பியபடி ஒரு சாதுவாக, ஆனால் கிறிஸ்துவின் சாதுவாக, கால்நடையாகப் புறப்பட்டார். சபாத்துவில் தொழுநோயாளருக்குப் பணிவிடை செய்தார். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கரின் தோழமையும் அந்நாட்களில் அவருக்குக் கிடைத்தது. இமயத்தின் மலைகளும் காடுகளும் அவருடைய தியான இடங்களாயின. தாயை இழந்து வெறுமையான இதயத்தில் நன்றியும் வியப்பும் இரக்கமும் ஒவ்வொன்றாக வேரூன்றின.

திபெத்துக்குச் செல்லும் மலைப்பாதையில் நிகழ்ந்ததாக அவர் விவரித்த சம்பவமொன்று பலரும் அறிந்தது. பனிப்புயலில் அவரும் ஒரு திபெத்தியரும் நடந்து செல்கையில், சரிவில் விழுந்து கிடந்த மனிதனொருவனைக் கண்டனர். உடன் வந்தவர் தம் உயிரைக் காக்க விரைந்து சென்றுவிட்டார். சாதுவோ விழுந்தவனைத் தூக்கிச் சுமந்தார். சுமந்த உழைப்பால் உண்டான வெப்பம் இருவரையும் காத்தது. தனியே சென்றவர் வழியில் உறைந்து இறந்து கிடந்தார்.

ஒருகாலத்தில் தன் உயிரை வேண்டாமென்று எண்ணியவர், பிறருடைய உயிரைச் சுமக்கையில் தம் உயிரின் பெறுமதியைக் கண்டார். 1918ஆம் ஆண்டு அவர் தென்னிந்தியாவுக்கும் நம் இலங்கைக்கும் வந்தபோது மக்கள் திரண்டு சென்று கேட்டனர். அவரை வெளியேற்றிய தந்தையும் பிற்காலத்தில் கிறிஸ்துவை ஏற்றார். 1920இல் மகனின் ஐரோப்பியப் பயணத்துக்குச் செலவும் கொடுத்தார். அந்த இருண்ட காலையில் சுந்தரால் இவற்றுள் எதையும் காண முடிந்திருக்காது. 1929ஆம் ஆண்டு ஏப்பிரலில் மீண்டும் திபெத்தை நோக்கிப் புறப்பட்ட அவர் திரும்பி வரவில்லை.

நன்றி, நம்பிக்கை, வியப்பு, அன்பு போன்ற நல்லுணர்வுகள் துன்பத்தால் குறுகிய சிந்தனையை விரியச் செய்கின்றன. அவை சிறுகச் சிறுகச் சேர்ந்து, நெருக்கடி வேளையில் உதவும் பலமாகின்றன என்று இன்றைய உளவியலாளர் விளக்குகின்றனர். இவற்றைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. துயருறும் பிள்ளையிடம் மகிழ்ச்சியாயிரு என்று சொல்வதால் பயனில்லை. முதலில் அவன் துயரத்தைக் கேளுங்கள். அவளோடு அமர்ந்து உணவருந்துங்கள். அன்றாடம் நன்றி சொல்லத்தக்க ஒன்றை இருவருமாகத் தேடுங்கள். பிறருக்கு உதவும் சிறு பொறுப்பொன்றைக் கொடுங்கள்.

உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டோ என்று பரிவோடு நேரடியாகக் கேட்கவும் அஞ்சவேண்டாம். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை, சுமையே இலகுவாகும். ஆம் என்ற விடை வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உள்ளது. ரூபாரின் மருத்துவரைப் பயன்படுத்திய தேவன் இன்றும் மருத்துவரைப் பயன்படுத்துகிறார்.

இதை வாசிக்கும் இளம் உள்ளமே, உன் இரவு நீண்டதாகத் தோன்றலாம். நம்பத்தகுந்த ஒருவரிடம் இன்றே பேசு. உனக்கும் ஒரு விடியல் உண்டு.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் கோபத்துக்குப் பின்னாலுள்ள கண்ணீரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.