மாடியறைச் சிறுவன் லாங்ஸ்டன் ஹியூஸ்

லாங்ஸ்டன் ஹியூஸ் என்றவுடன் நினைவில் எழுவன அவருடைய கவிதைகளே. அவர் தேர்ந்த சிறுகதையாசிரியர் என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1902 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. 1901 என்பதே பொருந்தும் என இன்றைய ஆய்வாளர் கருதுவர். தந்தையார் மெக்சிகோவில் தங்கிவிட்டார். தாயார் வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். கான்சஸில் பாட்டி மேரி லாங்ஸ்டனே பேரனை வளர்த்தார்.

பாட்டி மறைந்தபின், தாயாருடனும் தாயாரின் இரண்டாம் கணவருடனும் கிளீவ்லாந்து என்னும் தொழில் நகருக்கு வந்து சேர்ந்தார். சில காலத்தில் அவர்களும் சிகாகோ சென்றுவிட, பள்ளி மாணவரான ஹியூஸ் வாடகை மாடியறையில் தனித்து வாழ்ந்தார். அவருக்குச் சமைக்கத் தெரிந்தது சோறு ஒன்றே, அதுவும் குழைந்துவிடும். அதனோடு சாசேஜ். இரவுதோறும் அதையே உண்டு, படித்தபடியே உறங்கிப்போவார். அந்நாளில் மாப்பசானைப் பிரெஞ்சு மொழியிலேயே படித்தபோதுதான், தம் இனத்தாரைப் பற்றி உண்மையான கதைகள் எழுதவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது.

1923இல் கப்பல் தொழிலாளியாக மேற்கு ஆப்பிரிக்கக் கரை கண்டார். வாஷிங்டன் ஓட்டலில் எச்சில் தட்டுகள் எடுத்தார். 1926இல் முதற் கவிதை நூலும் 1934இல் முதற் சிறுகதைத் தொகுதியும் வெளிவந்தன.

1958இல் வெளியான 'தேங்க் யூ, மேம்' என்னும் கதை மிகச் சிறியது. நள்ளிரவை நெருங்கும் நேரம். பதினான்கு பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ரோஜர், தனியே நடந்துவரும் பருத்த அம்மையார் ஒருவரின் கைப்பையைப் பறிக்க முயன்று கீழே விழுகிறான். அம்மையார் அவனைக் காவலரிடம் ஒப்படைக்கவில்லை. தம் அறைக்கு இழுத்துச் சென்று முகம் கழுவச் செய்கிறார். அவன் வீட்டில் யாருமில்லை என்று தெரிகிறது. கிளீவ்லாந்து மாடியறையை அறிந்தவர்க்கு அந்த ஒரு விடையின் கனம் விளங்கும். அவனை நாணச் செய்யும் கேள்வி எதையும் அம்மையார் கேட்பதில்லை. கைப்பையைக் காவலின்றி விட்டுவிட்டு உணவைச் சூடாக்குகிறார். சிறுவனோ, தன்மீது ஐயம் எழலாகாதென்று, அவர் கண்ணில் படும் இடத்தில் போய் அமர்கிறான். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவன் ஆசைப்பட்ட நீலக் காலணிக்குப் பத்து டாலர் தந்து வாசல்வரை வழியனுப்புகிறார். நன்றி என்ற சொல்லுக்கு மேல் ஏதோ சொல்ல விழைந்து, அதுவும் வாய்க்காமல் நிற்கிறான் சிறுவன். ஹியூஸ் அதற்குமேல் ஒரு சொல்லும் வளர்க்கவில்லை.

1967 மே 22 அன்று நியூயார்க்கில் மறைந்தார். அவருடைய சாம்பல் ஹார்லெமின் ஷோம்பர்க் நூலகத் தரையின்கீழ் வைக்கப்பட்டுள்ளது.