சாமி காலண்டரில் அந்த நீல மலையை வரைந்தது யார்? கோவில்பட்டி கொண்டையராஜுவின் கதை

மாடுகளுக்கு நடுவே புல்லாங்குழல் ஊதும் கிருஷ்ணர். பின்னால் ஆறு, நீல மலை, இளஞ்சிவப்பு மேகம். இப்படி ஒரு காலண்டர் படத்தை உங்க பாட்டி வீட்டுல பார்த்திருப்பீங்க. தமிழ்நாட்டில் இந்த பாணியை வளர்த்ததில் முக்கியமானவர் சி.கொண்டையராஜு.

1898-ல் பிறந்தவர். சென்னை கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். அது இன்றைய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. பிறகு சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். அடுத்து, நாடகக் கம்பெனிக்கு சீன் வரையும் வேலை.

கைவிட்ட நாடகம்

சினிமா வந்ததும் நாடகக் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. 1940-களின் தொடக்கத்தில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. வேலை போச்சு. ஆனால் அவர் சென்னைக்குத் திரும்பவில்லை. அங்கேயே தங்கி, இளைஞர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார்.

பக்கத்திலேயே சிவகாசி. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். அந்த அச்சகங்கள் காலண்டருக்கு வந்தபோது ஓவியர்கள் தேவைப்பட்டார்கள்.

மேடையிலிருந்து சுவருக்கு

நாடக சீன் கடைசி வரிசைக்கும் தெரியணும். அதனால் கிட்டே இருப்பது அழுத்தமான நிறத்தில், தூரத்து மலை வெளிறிய நீலத்தில் இருக்கும். தூரம் போகப் போக நிறம் மங்கும் என்பது இதிலுள்ள கணக்கு. அதே உத்தி காலண்டருக்கும் பொருந்தியது. முன்னால் பளிச்சென்று சாமி, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். பின்னால் வெயில் இறங்கும் நேரத்து அமைதி. பின்னணி மென்மையாக இருப்பதால்தான் கண் நேராக சாமியின் முகத்துக்குப் போகிறது.

திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம் போன்றவர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். பல படங்கள் குருவும் சீடர்களும் சேர்ந்து போட்டவை.

கலையா, காலண்டரா?

காலண்டர் படம் என்றாலே மட்டம் என்ற பார்வை ரொம்ப காலம் இருந்தது. கீழே கடைப் பெயர் பெரிதாக இருக்கும், ஓவியர் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பின்னாளில்தான் ஆய்வாளர்கள் இவற்றைக் கலையாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

1976-ல் கொண்டையராஜு மறைந்தார். டிசம்பர் முடிந்தால் தேதித் தாள்கள் தீர்ந்துபோகும். படத்தை மட்டும் தூக்கிப்போட மனசு வராமல் கண்ணாடிச் சட்டம் போட்டு பூஜை அறையில் மாட்டிய வீடுகள் ஏராளம். கேலரிக்குள் போகாத ஓவியருக்குக் கிடைத்த இடம் அது.