காகிதச் சுருளில் பிறந்த ஸ்டெதாஸ்கோப்: நுரையீரல் நீரைக் காதால் கண்டுபிடித்த ரெனே லென்னெக் யார்?

மணலூர்பேட்டையில் இருந்து ஒரு பெரியவர், கால் வீங்குது, படுத்தா மூச்சு முட்டுதுன்னு டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்ததோடு நிறுத்த மாட்டார். முதுகின் கீழ்ப்பக்கத்திலும் வைத்து, நல்லா மூச்சை இழுத்து விடச் சொல்வார்.

ஏன் முதுகு? இதயம் பம்ப் செய்யும் சக்தி குறைந்தால், ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோர்க்கும். பெரும்பாலும் அது அடிப்பக்கத்தில்தான் முதலில் தெரியும். மூச்சை இழுக்கும்போது அங்கே மெல்லிசா ஒரு நொறநொறப்புச் சத்தம் கேட்கும். காது பக்கத்துல முடியை விரல்களுக்கு நடுவே உரசிப் பாருங்க, கிட்டத்தட்ட அதே சத்தம்தான்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதி வைத்தவர் ரெனே லென்னெக். 1781-ல் பிரான்ஸின் கெம்பேர் நகரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்து, நான்ட் நகரில் டாக்டராக இருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1801-ல் பாரிஸுக்குப் படிக்க வந்தார். அங்கே அவருடைய ஆசிரியர், நெப்போலியனுக்கே வைத்தியம் பார்த்த கோர்விசார்.

1816. பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் வேலை பார்த்த நேரம். இதய நோய் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். அப்போதைய வழக்கப்படி மார்பை விரலால் தட்டிப் பார்த்தால், உடல் பருமனால் எதுவும் பிடிபடவில்லை. நேரடியாக மார்பில் காது வைத்துக் கேட்பதும் முறையாக இருக்காது. கையில் கிடைத்த காகிதங்களை இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது!

அப்புறம் அவரே கடைசல் இயந்திரத்தில் மரக்குழாய் செய்துகொண்டார். நீளம் சுமார் 30 செ.மீ., ஒரு காதுக்கு மட்டும்தான். இப்போது இருப்பது மாதிரி இரண்டு காதுக்கும் மாட்டுவது 1850-களில்தான் வந்தது.

கருவியைவிடப் பெரிய வேலை அடுத்து அவர் செய்ததுதான். அதுவரை நுரையீரலில் நீர் இருந்ததா என்பது, நோயாளி இறந்து உடலை அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். லென்னெக் உயிரோடு இருக்கும்போது கேட்ட சத்தத்தை எழுதி வைத்து, இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1819-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் நுரையீரல் வீக்கமும் அதன் சத்தமும் இருக்கின்றன. எல்லாம் சரியாகச் சொல்லிவிடவில்லை. இதயத்தின் இரண்டாவது ஒலிக்கு அவர் சொன்ன காரணம் தப்பு.

ஒரு முக்கியமான விஷயம்: சத்தம் கேட்கலைன்னா நீரே இல்லை என்று அர்த்தம் கிடையாது. நாள்பட்ட இதயச் செயலிழப்பில் நீர் தேங்கியும் நுரையீரல் அமைதியாக இருக்கலாம். அதனால்தான் இப்போது அல்ட்ராசவுண்டை நுரையீரலுக்கும் வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது கொழுப்பு இல்லை, நீராக இருக்கலாம்.

லென்னெக்கின் கடைசிக் காலம்தான் சோகம். வாழ்நாளெல்லாம் காசநோயாளிகளின் நெஞ்சைக் கேட்டவருக்கு அதே காசநோய். அவருடைய நெஞ்சைக் கேட்டுப் பார்த்தவர், மருத்துவரான உறவினர் மெரியடெக். 1826 ஆகஸ்ட் 13-ல், 45 வயதில் லென்னெக் இறந்தார். தன்னுடைய ஸ்டெதாஸ்கோப்பை அந்த மெரியடெக்குக்கே உயில் எழுதி வைத்திருந்தார்.