தட்டம்மையை வாய்க்குள் கண்டுபிடித்த டாக்டர்: யார் இந்த ஹென்றி கோப்ளிக்?

உடம்பில் தடிப்பு வந்தால்தான் அம்மை என்று நினைக்கிறோம். ஆனால், தட்டம்மை மூச்சுக்காற்றில் பரவும் வைரஸ் நோய். தோலில் தெரிவதற்கு 4 நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளியிலேயே நோயைப் பிடிக்க வழிகாட்டியவர்தான் ஹென்றி கோப்ளிக்.

1858-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1881-ல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு, ஐரோப்பாவில் மேற்படிப்பு படித்தார். திரும்பி வந்து லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஏழைகளுக்கான மருத்துவ மையத்தில் வேலை பார்த்தார். பிழைப்பு தேடி வந்த குடும்பங்கள் சின்ன அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால், கூடவே மற்ற பிள்ளைகளும் படுத்துவிடும். 1889-ல் கைக்குழந்தைகளுக்குச் சுத்தமான பால் கொடுக்கும் திட்டத்தையும் அங்கே தொடங்கினார்.

உப்புத்தூள் போல...

காய்ச்சல், சளி, கண் சிவப்போடு வரும் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார் கோப்ளிக். கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்பக்கம், சிவந்த இடத்தில் உப்புத்தூள் தூவியது போல நீலம் கலந்த வெண்புள்ளிகள். தோலில் தடிப்பு வர ஓரிரு நாள் முன்பே இவை தெரிந்தன. 1896-ல் இதை எழுதி வெளியிட்டார். ரஷ்ய மருத்துவர் ஃபிலாட்டோவும் அதே காலத்தில் இதைக் கவனித்திருந்தார். ஆனாலும், உலகம் இன்று 'கோப்ளிக் புள்ளிகள்' என்றே சொல்கிறது.

1927-ல் கோப்ளிக் இறந்தார். தடுப்பூசி வந்தது 1963-ல்தான். அதுவரை, பிள்ளையை முன்கூட்டியே தனியாகப் படுக்க வைக்க டாக்டர்களுக்குக் கை கொடுத்தது இந்தப் புள்ளிதான்.

புதுவாயலுக்கு என்ன சம்பந்தம்?

புதுவாயல், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளிலும் வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறை வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். தட்டம்மை வைரஸ் அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும். வேப்பிலை கட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வாயில் புள்ளி தெரியும் என்றும் சொல்ல முடியாது.

அதனால் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என 2 தவணை தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போட்டுவிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். வேறு மாநிலத்தில் முதல் ஊசி போட்டிருந்தாலும், அட்டையைக் காட்டி அடுத்ததை இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.