பழைய வண்டியைப் பிரித்துப் பார்த்த பையன்

பழைய ஸ்கூட்டர் வாங்கிய குடும்பங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் ஏராளம். வாங்கிய புதிதில் வண்டி நன்றாகத்தான் ஓடும். முதல் மழை பெய்ததும் அதன் குணம் தெரிந்துவிடும். உதைத்து உதைத்துக் கால் வலிக்கும், என்ஜின் கிளம்பாது. கிளம்பினால் விளக்கு எரியாது. விளக்கு எரிந்தால் ஹாரன் ஊமையாகிவிடும். மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ராசிபுரத்துக்குப் புறப்பட்டவர், நடுவழியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு விழிப்பார்.

பெரும்பாலோர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவார்கள். சிலர் மட்டும், உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று திருப்புளியைக் கையில் எடுப்பார்கள்.

அந்தச் சிலருக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

கோவைக்குக் கிழக்கே, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. தந்தை பெயர் கோபால்சாமி. துரைசாமி சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் பையனுக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. வீட்டில் எல்லோருக்கும் கவலை. மாடு மேய்க்கவும் காடு உழவும்தான் இவன் லாயக்கு என்று ஊர் முடிவு கட்டியது. ஊர் சொன்னதில் பாதி சரி. பையன் காட்டில்தான் வேலை செய்தான். ஆனால், கண் வேறு எங்கோ இருந்தது.

ஒரு நாள் அந்தப் பக்கம் வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை; வண்டி தானாக ஓடுகிறது! துரைசாமி அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அது இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. அன்று முதல் அவனுக்கு வேறு நினைவே இல்லை. அந்த வண்டி வேண்டும். அதுவும் ஏறிச் சுற்றுவதற்காக அல்ல, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

பணத்துக்கு எங்கே போவது? துரைசாமி கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். மூன்று ஆண்டுகள் போல இப்படிப் போயிற்று. பிறகு, சுமார் 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அக்காலத்தில் அந்தப் பணத்துக்கு நல்ல காளைகள் வாங்கியிருக்கலாம். ஊரார் பார்வையில் அதுதான் புத்திசாலித்தனம்.

வண்டி கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அதைப் பிரித்துப் போட்டதுதான். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். மறுபடி பூட்டினார். அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

நெருப்புப் பொறி எங்கிருந்து வருகிறது?

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் விளக்குக்குப் பெரும்பாலும் மின்சாரம் கிடையாது. கார்பைடில் தண்ணீர் சொட்டினால் ஒரு வாயு கிளம்பும். அதைக் கொளுத்தித்தான் வெளிச்சம். மின்சாரத்துக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் பொறியை உண்டாக்குவது. அதற்கு மாக்னெட்டோ என்று ஒரு கருவி. காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பிச் சுருள் சுழன்றால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாயிண்ட் என்ற சிறு கதவு சட்டென்று திறந்து அதைத் துண்டிக்கும். உடனே பக்கத்துச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கும்.

இது பழங்கதை அல்ல. 1950-களில் இந்தியாவில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வந்தது. 1960-களில் பஜாஜ் கம்பெனியின் வெஸ்பா வந்தது. இரண்டிலும் இதே தத்துவம்தான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே காந்தம் சக்கரத்தில் இருந்து சுழலும். சுருள் அசையாமல் நிற்கும். ஒரு சுருள் பொறிக்கு, மற்றவை விளக்குக்கும் ஹாரனுக்கும். பல வண்டிகளில் பாட்டரி கிடையாது. அதனால்தான் என்ஜின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்கும். முறுக்கினால் பளிச்சென்று எரியும். அது கோளாறு அல்ல, வண்டியின் இயல்பு. இது தெரியாமல் பல்பு பல்பாக வாங்கி மாற்றியவர்கள் உண்டு!

புது ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆகவே பழைய வண்டிக்கு நல்ல மவுசு. பழைய வண்டியில் பொறி வரவில்லை என்றால் பெரும்பாலும் பாயிண்ட்டில் கரி படிந்திருக்கும். அல்லது அதன் இடைவெளி கெட்டிருக்கும். இடைவெளி எவ்வளவு? அரை மில்லி மீட்டருக்கும் குறைவு! உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரி செய்தால் வண்டி கிளம்பிவிடும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் குற்றம் கண்டன்சரில். ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பைப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து மங்கினால் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிற்காலத்தில் எலெக்ட்ரானிக் முறை வந்து பாயிண்ட்டுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. எர்த் கம்பி மட்டும் அன்றும் இன்றும் அதே தொல்லைதான்.

எதைத் தொட்டாலும் ஒவ்வொன்றாகச் சோதித்து, காரணத்தைப் பிடித்த பிறகே கை வைப்பது என்ற பழக்கம் நாயுடுவுக்கு அந்த ரட்ஜ் வண்டியிலிருந்து வந்தது. கடைசி வரை அது அவரை விட்டுப் போகவில்லை.

ஒரு பஸ், 280 பஸ்

நடுவில் பருத்தி வியாபாரம் செய்தார். பம்பாய் வரை போய்க் கைப் பொருளை இழந்தார். சோர்ந்து உட்காரவில்லை. கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கை கொடுத்தார். 1920-ம் ஆண்டு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார் நாயுடு. ஓட்டியவரும் அவரே. 1933-ல் அவருடைய யூ.எம்.எஸ். நிறுவனத்தில் 280 பஸ்கள் இருந்தன. ஓட்டலில் இலை எடுத்தவர், கொங்கு நாட்டின் பெரிய பஸ் முதலாளி ஆகிவிட்டார்.

பணம் சேர்ந்ததும் பலர் நிலம் வாங்குவார்கள், மாளிகை கட்டுவார்கள். நாயுடு வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் அதைவிடச் சிறிதாக, மலிவாகச் செய்ய முடியுமா என்பதே யோசனை. ஜெர்மனியில் இருந்து திரும்பியவர், ரசாந்த் என்ற மின்சார க்ஷவரக் கருவியை உருவாக்கினார். உள்ளே ஒரு குட்டி மோட்டார். அதை ஓட்ட டார்ச் விளக்குக்குப் போடுவது போன்ற உலர்ந்த பாட்டரி. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் யந்திரம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் பெரியது வேறு ஒன்று.

கவலைக்குப் பதில் மோட்டார்

கோவை, சேலம் ஜில்லாக்களில் கிணறு ஆழம். காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்தால்தான் தண்ணீர் மேலே வரும். காலையில் ஆரம்பித்தால் உச்சி வெயில் வரை மனிதனும் மாடும் முன்னும் பின்னுமாக நடந்து தேய வேண்டும்.

1930-களில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோவைக்கு வந்தது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-ல் அங்கே மின்சாரம் பிறந்து சேலம் பக்கமும் பாய்ந்தது. கம்பி வந்துவிட்டது. கம்பியில் பூட்ட மோட்டார்? அது சீமையிலிருந்துதான் கப்பல் ஏறி வர வேண்டும். விலையோ விவசாயிக்கு எட்டாது.

அதே 1937-ல் நாயுடு, பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலியுடன் சேர்ந்து கோவையிலேயே மின்சார மோட்டார் செய்தார். இந்தியர் கையால் இந்தியாவில் உருவான முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். கோவை மோட்டார்களும் பம்புகளும் பெருகின. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்துத் தோட்டங்களில் கவலை மேடுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மாட்டுக்கு வாய் இருந்தால் நாயுடுவை வாழ்த்தியிருக்கும்!

இரண்டு வருஷம் போதாதா?

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர், 1945-ல் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார் என்றால் வேடிக்கைதானே! அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் பாலிடெக்னிக் பிறந்தது. பின்னால் பொறியியல் கல்லூரியும் அதே பெயரில் வந்தது. நாயுடுவே பிரின்சிபால்.

இங்கேதான் தகராறு. பொறியியல் படிப்புக்கு நான்கு வருஷம் எதற்கு, இரண்டே வருஷத்தில் கற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. கரும்பலகையில் யந்திரத்தை வரைந்து காட்டுவதை விட, யந்திரத்தையே பையன் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சர்க்கார் ஒப்பவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். அவர் கட்சி முழுவதும் சரி என்று சொல்ல முடியாது. பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்கும் வேண்டும். பிரித்துப் பூட்டிப் பாலம் கட்ட முடியாது. ஆனால், வேலை தெரியாத பட்டதாரிகளைப் பார்க்கும்போது அவர் பக்கமும் நியாயம் இருப்பது விளங்கும். அந்தக் கல்லூரிதான் பிற்பாடு அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

தகராறு அதோடு நிற்கவில்லை. 1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று அறிவித்தவர் அவர். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்! சாதாரணக் குடும்பமும் காரில் போகலாம் என்ற கனவு. சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் நின்றுவிட்டது. வரிச்சுமையும் சேர்ந்தது. மனம் கொதித்த நாயுடு, தாம் ஆக்கிய பொருள்களைத் தாமே பலர் முன்னிலையில் உடைத்துப் போட்டார்.

எத்தனையோ யந்திரங்களின் கோளாறைக் கண்டுபிடித்த கை அது. உடைத்ததால் சட்டம் மாறியதா? இல்லை. ரேடியோவும் கருவிகளும் போனதுதான் மிச்சம். அந்தக் கோபத்தை இன்றும் சிலர் வீரம் என்கிறார்கள், சிலர் வீண் என்கிறார்கள். அவற்றைச் செய்து கொடுத்த தொழிலாளர்கள் அன்று என்ன நினைத்தார்களோ!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். வயது 80. கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் பொருட்காட்சி இருக்கிறது. அவருடைய கருவிகளைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். அதே சாலையில் ஹோப் காலேஜ் என்ற பெயர் பஸ் நிறுத்தமாக நிலைத்துவிட்டது. 2025 அக்டோபரில் அந்த நிறுத்தத்துக்கு மேலே, 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்தார்கள். அதற்கும் ஜி. டி. நாயுடு பெயரே.