முன்சீப் வேதநாயகம் காட்டிய வழி

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவர் என்றே மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நம்மில் பலர் அறிவோம். மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ள எனக்கு, நீதிமன்றத்தில் அவர் ஆற்றிய பணி இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் மாயூரத்தில் 13 ஆண்டுகள் அதே பதவியை வகித்தார்.

‘முன்சீப்’ அரபுச் சொல். நீதி வழங்குபவர் என்று பொருள். ‘வக்கீல்’ என்பதும் அரபுதான். பிறர் சார்பில் செயல்படுபவரைக் குறிக்கும். பதவிப் பெயர்கள் அரபியில், தீர்ப்புகள் ஆங்கிலத்தில், வழக்காடும் மக்களோ தமிழில்! இந்த இடைவெளியைக் குறைக்க முனைந்தார் வேதநாயகம். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற நூலாக்கினார். தமிழர் ஊரில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைத் தம் நாவலிலும் கண்டித்தார். வழக்கு யாருடையதோ, அவருக்குப் புரியவேண்டும் என்பதே அவரது கவலை.

அந்தக் கவலை சிங்கப்பூருக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு. இங்கே இரு பணிகளையும் ஒருவரே செய்யலாம். ‘வழக்கறிஞர்’ என்றால் போதும். ஆனால், எல்லாப் பெயர்களும் அவ்வளவு எளிதல்ல. சிராங்கூன் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் ஊழியர் ஒருவர், ஊரிலுள்ள நிலம் தொடர்பான பத்திரத்துக்குச் சான்று பெற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் பயன்படும் ஆவணத்துக்குச் சான்றளிப்பவர் நோட்டரி. உள்ளூர்ப் பயன்பாட்டுக்கான பிரமாணப் பத்திரத்தில் உறுதிமொழி வாங்குபவர் வேறோர் ஆணையர். இருவரையும் ‘வக்கீல்’ என்று மொழிபெயர்த்தால், அவருடைய பணமும் விடுமுறை நாளும் வீணாகலாம்.

ஆகவே, ஒரு பதவியை மொழிபெயர்க்கும்முன் அகராதியைப் புரட்டினால் மட்டும் போதாது. அந்தப் பதவியில் இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவேண்டும். வேதநாயகம் 1889 ஜூலை 21ஆம் தேதி காலமானார். இருமொழி கற்ற இளையர்களுக்கு அவர் விட்டுச்சென்ற வேலை இன்னும் மீதமிருக்கிறது.